தூரம் எது? நேரம் எது?

இராமபிரான் இலங்கையிலிருந்து புஷ்பக விமானத்தில் திரும்பினார் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆகவே, "இராமேசுவரத்திலிருந்து இலங்கைக்கு விமானத்தில் செல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்?" என்று யாரேனும் வினவினால் நமக்கு வியப்பு உண்டாவதில்லை. விடைதான் வியப்பூட்டுகிறது.

இராமேசுவரத்தில் பிரயாணிகளுக்கான விமான நிலையம் கிடையாது. உச்சிப்புளியிலுள்ள நிலையமோ கடற்படைக்கு உரியது. ஆதலால் பிரயாணி முதலில் சுமார் 170 கிலோமீட்டர் மேற்கே, மதுரைக்குச் செல்ல வேண்டும். மதுரையிலிருந்து கொழும்பை அடுத்த கட்டுநாயக்க விமான நிலையம் நேர்கோட்டில் ஏறக்குறைய 350 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் பறக்கும் ஜெட் விமானத்துக்கு இது அரை மணிப் பயணங்கூட அன்று. ஆயினும் கால அட்டவணை சுமார் ஒரு மணி நேரம் என்கிறது. காரணம் எளிது. விமானம் தரையில் ஊர்ந்து ஓடுபாதையை அடைய வேண்டும். மெல்ல மேலேற வேண்டும். முழு வேகத்தை எட்டிச் சற்று நேரம் கழியுமுன் இறங்கத் தொடங்க வேண்டும். அந்த ஒரு மணிப் பயணத்துக்காக மூன்று மணி நேரம் முன்னதாக வந்து காத்திருக்கும்படி பிரயாணிகளுக்குச் சொல்லப்படுகிறது!

போக வேண்டிய ஊர் தலைமன்னாராக இருந்தால் கதை இன்னும் வேடிக்கை. கொழும்பிலிருந்து ரயிலேறி 300 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே திரும்பி வர வேண்டும். ஆக, மொத்தம் 800 கிலோமீட்டருக்கு மேல் சுற்றுகிறோம். தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னாரோ கடல் வழியே சுமார் 30 கிலோமீட்டர்தான்!

இந்தக் குறுக்கு வழியை நம் முன்னோர் அறியாதவர்களல்லர். 1914-ஆம் ஆண்டு பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டதும், ரயிலில் தனுஷ்கோடி வரை சென்று, அங்கே கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி, மறுபடியும் ரயிலில் கொழும்பு சேர்ந்தார்கள். அதுவே 'போட் மெயில்'. 1964 டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980-களில் இலங்கையில் போர் மூண்டபோது நின்றது. அந்தக் கப்பலில்தான், 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர் பலர் இக்கரை சேர்ந்தனர். தமையன் அங்கே, தம்பி இங்கே என்று பிரிந்த குடும்பங்கள் எத்தனையோ!

2015-இல் தலைமன்னார் ரயில் பாதை புதுப்பிக்கப்பட்டது. 2025-இல் பாம்பனில் புதிய பாலமும் திறக்கப்பட்டது. இரு கரையிலும் ரயில் வந்து நிற்கிறது. நடுவே கப்பல்தான் இல்லை. 2023-இல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட முடிந்தது என்றால், இங்கும் முடியாதென்று நாம் கருதவில்லை.

விமானத்தை நாம் குறை கூறவில்லை. பிரயாணத்தின் நேரத்தை ஆகாயத்தில் மட்டும் அளந்தால் போதாது. புறப்பட்ட வாசற்படியிலிருந்து போய்ச் சேரும் வாசற்படி வரை அளக்க வேண்டும். அக்கரையில் தமக்கை நோயுற்றாள் என்று கேட்டுத் துடிக்கும் தம்பிக்கு ஜெட்டின் வேகத்தைக் காட்டிலும் அந்த 30 கிலோமீட்டரே பெரிது.