புழுதிக்கு எதுக்குங்க 100 பார்?

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் முன் வெளிச்சுவரைக் கழுவ பிரஷர் வாஷர் வாடகைக்கு எடுக்கப்போறீங்களா? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்க. 100 பார் என்பது சுமார் 1,000 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம். கிட்டக்க வைத்து அடித்தால் பழைய சுண்ணாம்புப் பூச்சு பெயர்ந்துவிடும். விரிசல் வழியாக ஈரம் உள்ளே இறங்கும். நிமிடத்துக்கு 6 லிட்டர் என்றால் மணிக்கு 360 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் 24 குடம்! குடத்துக்குக் காசு கொடுக்கும் அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் இது நியாயமா? நம்ம சுவரில் இருப்பது பெரும்பாலும் கரிசல் புழுதி. அதுக்குத் துடைப்பம் போதும். பாசிக்கு நார் பிரஷ்ஷும் ஒரு வாளித் தண்ணீரும். மெஷின்தான் வேணும்னா விரிசலை முதலில் அடைங்க, மெயினை அணைங்க, விசிறி நாசிலை மூணு அடி தள்ளிப் பிடிங்க. ஏணியில் நின்று அடிக்கவே வேண்டாம். கன் பின்னால் உதைக்கும். சுவரைத் திரும்பப் பூசிக்கலாம், இடுப்பை முடியாது.