'ஸ்கின் கலர்' யாருடைய தோல்?

மாலை வகுப்பில் "உன் முகத்தை வரை" என்றதும் பிள்ளைகள் தேடுவது 'ஸ்கின் கலர்' கிரேயானைத்தான். அந்த வெளிர் ரோஜா நிறம் நம் பிள்ளைகளில் யாருடைய தோல்? அமெரிக்காவின் கிரேயோலா நிறுவனமே 'ஃபிளெஷ்' என்ற பெயரை 1962இல் 'பீச்' என்று மாற்றிவிட்டது. நம் வகுப்பறைப் பேச்சில் அது இன்னும் ஒழியவில்லை.

தோழர்களே, கிரேயான் பெட்டியை மூடி வைப்போம். அடுப்புக்கரி, செங்கல் பொடி, மஞ்சள், தேயிலைச் சாறு, கொஞ்சம் கோந்து போதும். முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொடுத்து, தன் நிறம் வரும்வரை குழைக்கச் சொல்வோம். தூரிகை வேண்டாம், பெருவிரலால் ஒற்றி ஒற்றி வரையட்டும். 'கைநாட்டு' என்று நம் பாட்டன்களை இழிவுபடுத்தினார்களே, அந்த ரேகையிலேயே பேரப்பிள்ளையின் முகம் எழட்டும். தன் நிறத்தைத் தானே குழைத்து எடுத்த பிள்ளையிடம் இனி எந்தப் பெட்டியும் பொய் சொல்ல முடியாது.