கைடு கிடைக்காத பிள்ளைகள்

கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் ஏதாவது வைத்திருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் மட்டும் படித்தவள். பல்கலைக்கழகத்துக்குள் கால் வைத்தது மகனின் பட்டமளிப்பு விழா அன்று ஒருநாள்தான். உனக்கெதற்கு பிஎச்.டி. பேச்சு என்று கேட்பீர்கள். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த இரண்டு பேர் இப்போது அந்த வாசலில் நிற்கிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

ஒருவன் அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. முனைவர் பட்டம் உண்டு, நெட் தேர்ச்சி உண்டு. பத்து வருடத்துக்கு மேல் வரலாறு நடத்துகிறான். சம்பளம் மாதம் 25,000 ரூபாய், அதுவும் வருடத்தில் 11 மாதம்தான். ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை தரலாம் என்று யுஜிசி 2019-லேயே சொல்லிவிட்டது. சொன்னதோடு சரி.

இன்னொருத்தி அவனிடமே எம்.ஏ. படித்தவள். எங்கள் பக்கத்து ஏரிகளையும் மதகுகளையும் பற்றி ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று ஆசை. தலைப்பை எடுத்துக் கொடுத்தவன் அவன். பழைய ஆவணங்களை எங்கே தேட வேண்டும், கல்வெட்டுத் தொகுதிகளை எப்படிப் படிக்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தவனும் அவன்தான். ஆனால் அவன் அவளுக்குக் கைடாக இருக்க முடியாது. 2022 நவம்பரில் வந்த யுஜிசி விதிப்படி நிரந்தர ஆசிரியர்தான் நெறியாளர் ஆகலாம்.

அவள் நுழைவுத்தேர்வில் தேறிவிட்டாள். கைடிடம் சம்மதக் கடிதம் வாங்கி வா என்றார்கள். நான்கு கல்லூரி ஏறி இறங்கினாள். முதல் இடத்தில் உதவிப் பேராசிரியர். "என்கிட்ட நாலு பேர் இருக்காங்கம்மா, அதுக்கு மேல எடுக்க முடியாது" என்றார். அது உண்மை. உதவிப் பேராசிரியருக்கு 4, இணைப் பேராசிரியருக்கு 6, பேராசிரியருக்கு 8 என்பதுதான் கணக்கு. இரண்டாவது இடத்தில் இருந்தவருக்கு ஓய்வு பெற இரண்டு வருடம்தான் பாக்கி. மூன்று வருடத்துக்குக் குறைவாக இருந்தால் புது ஆளைச் சேர்க்கக் கூடாது. மூன்றாவது இடத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது, ஆனால் "அது ஒருத்தருக்குச் சொல்லி வச்சிருக்கேன்" என்று பதில். நான்காவது கல்லூரியில் அந்தத் துறையில் பாடம் நடத்துகிறவர்களில் நிரந்தர ஆசிரியர் ஒரே ஒருவர். அவரும் நீண்ட விடுப்பில்.

"பஸ் காசுதான் டீச்சர் போச்சு" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விதி தப்பு என்று நான் சொல்லவரவில்லை. பிஎச்.டி. முடிக்க மூன்று வருடமாவது ஆகும், ஆறு வருடம் வரை இழுக்கும். பாதியில் வேலை போய்விடக்கூடிய ஒருவரை நம்பி ஒரு பிள்ளையை ஒப்படைக்க முடியாது. ஆளுக்கு இத்தனை பேர் என்று அளவு வைத்ததும் நல்லதுதான். ஒரு காலத்தில் மந்தை மாதிரி சேர்த்தார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் நிரந்தர ஆசிரியர்தான் வேண்டும் என்று ஒரு கை எழுதுகிறது. நிரந்தரப் பணியிடத்தை வருடக்கணக்காக நிரப்பாமல் இன்னொரு கை வைத்திருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் கதவு சாத்தின மாதிரிதானே? நடுவில் நசுங்குவது யார்? சென்னையில் சொந்தக்காரப் பேராசிரியர் உள்ள பிள்ளை நசுங்காது.

இது எனக்குப் புதிதல்ல. எங்கள் பள்ளியில் இரண்டு வருடம் ஒரு பணியிடம் காலி. பெற்றோர் ஆசிரியர் கழகக் காசில் ஒரு பெண்ணை வைத்தோம். மூன்றாம் வகுப்பை முழுக்க அவள்தான் பார்த்தாள். பதிவேட்டில் கையெழுத்து மட்டும் என்னுடையது. ஆய்வுக்கு வந்த அதிகாரி அந்த வகுப்பின் வாசிப்பைப் பாராட்டி, "நன்றாகச் செய்திருக்கிறீர்கள்" என்று என்னிடம் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பெண் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தாள். இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது.

என் தம்பி கேட்கிறான்: "கஷ்டப்பட்டு டாக்டர் பட்டம் வாங்கி என்னக்கா பண்ணப் போறா? அவளும் அதே கௌரவ விரிவுரையாளர்தானே?" பல்கலைக்கழக உதவிப் பேராசிரியருக்கு பிஎச்.டி. கட்டாயம் என்றார்கள், தள்ளிப் போட்டார்கள், 2023-ல் நெட், செட் போதும் என்று மாற்றினார்கள். எம்.ஃபில்லையும் நிறுத்திவிட்டார்கள். இந்தக் குழப்பத்தில் தம்பி கேட்பதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆனால் ஏரியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒரு பெண் கேட்டால் வேலையைக் காட்டி அவளை விரட்டவும் எனக்கு மனம் வரவில்லை.

உங்களில் சிலர் இன்று கல்லூரிகளில் நிரந்தரப் பணியில் இருக்கிறீர்கள். எனக்குப் பெருமைதான். உங்களிடம் கேட்கிறேன். எந்த நெறியாளரிடம் யார் யார் படிக்கிறார்கள் என்பதை இணையதளத்தில் போட்டு வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும் என்பதும் விதிதான். உங்கள் துறையில் அது நடக்கிறதா? நடந்தால் பிள்ளைகள் வெயிலில் ஊர் ஊராக அலைய வேண்டாம். அட்ஜங்க்ட் எனப்படும் வெளியாசிரியர் இணை நெறியாளராக இருக்கலாம் என்கிறது அதே விதி. பத்து வருடம் உள்ளேயே நின்று பாடம் நடத்துகிறவனுக்கும் அந்த இடத்தைக் கொடுங்கள் என்று உங்கள் கூட்டங்களில் பேசலாமே? சம்பளத்தை உங்களால் கூட்ட முடியாது. அவன் பெயரை ஆய்வேட்டில் போடச் சொல்லவாவது முடியும்.

கடைசியாக ஒன்று. வரலாற்றுத் துறையில் யாரிடமாவது ஓர் இடம் காலியாக இருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். அவள் பெயரையும் எண்ணையும் அங்கே தருகிறேன். திருச்சி, தஞ்சாவூர் பக்கம் என்றால் அவளுக்குப் போய்வர வசதி. மதுரை என்றாலும் வருவாள்.