பூச்சி மாத்திரையோடு கடமை முடியவில்லை: திண்டுக்கல் குழந்தைகளின் குடற்புழுத் தொற்று குறித்து எங்கள் நிலைப்பாடு

2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில் அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் 1 முதல் 19 வயது வரையுள்ளவர்களுக்கு அல்பெண்டசோல் தரப்படுகிறது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரை மாத்திரை, மற்றவர்களுக்கு 400 மில்லிகிராம் கொண்ட முழு மாத்திரை. இதை வரவேற்கிறோம், ஒரு சுற்றுகூடத் தவறக் கூடாது. ஆனால் மாத்திரை கொடுத்த எண்ணிக்கையைக் காட்டிப் புழு ஒழிந்ததாகக் கணக்கு முடிப்பதை ஏற்க மாட்டோம்.

மாத்திரை வயிற்றுப் புழுவைக் கொல்லும். மண்ணில் கிடக்கும் முட்டையை ஒன்றும் செய்யாது. நாக்குப்பூச்சியின் முட்டை ஈர மண்ணில் மாதக்கணக்கில், சில இடங்களில் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். கொக்கிப்புழுவின் இளம்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போகும். நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை பறிக்கும் தாயின் பின்னால் செருப்பில்லாமல் நடக்கும் பிள்ளைக்கும், நகரில் சாக்கடையோர வாசலில் விளையாடும் பிள்ளைக்கும் ஆபத்து காலடியிலேயே இருக்கிறது. ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணிகளுக்கு ஒரே ஒரு வேளை தரும் மாத்திரை போதவே போதாது.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் ஏழைக் குடியிருப்புக் குழந்தைகளைப் பிறந்தது முதல் தொடர்ந்து கவனித்தார்கள். பாட்டில் தண்ணீர் குடித்த குழந்தைகளுக்கும் வயிற்றுப்போக்கு தரும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியின் தொற்று குறையவில்லை. குடிநீர் மட்டுமே தொற்றின் வழியல்ல என்பதை இது காட்டுகிறது. இருந்தாலும் தண்ணீரைக் காய்ச்சத்தான் வேண்டும். ஆனால் அதை மட்டும் தாய்மாருக்குச் சொல்லிவிட்டு ஒதுங்கினால் பழி அவர்கள் தலையில் விழுகிறது, தெரு அப்படியே கிடக்கிறது.

கைக்குழந்தையின் மலத்தில் கேடில்லை என்ற நம்பிக்கை இன்னும் பரவலாக இருக்கிறது. அதனால் அந்த மலம் தெருவோரத்திலும் சாக்கடையிலும் கொட்டப்படுகிறது. உண்மையில் நாக்குப்பூச்சியை அதிகம் சுமப்பவர்கள் பிள்ளைகள்தான். இதை வீடுவீடாகச் சொல்ல வேண்டும். ஆனால் வீட்டில் கழிப்பறையில்லாத தாய், பொதுக் கழிப்பிடம் பூட்டிக் கிடக்கும் இரவில் அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்?

ஆகவே பொதுக் கழிப்பிடங்களில் இரவிலும் தண்ணீரும் விளக்கும், சிறு பிள்ளைகள் பயமின்றி உட்காரும் அளவில் பீடமும் மாநகராட்சி தர வேண்டும். செப்டிக் டேங்க் லாரிகள் ஓடையிலும் வயலிலும் கொட்டுவதை அடியோடு நிறுத்த வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு தரும் இலவசக் காலணி அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கும் வேண்டும். தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயதுப் பெண்களையும் மாத்திரைத் திட்டத்தில் சேர்த்தது நல்ல முடிவு; கொக்கிப்புழு பெரியவர்களிடமும் இருப்பதால் அப்பாக்களையும் பாட்டிகளையும் விட்டுவிடக் கூடாது. குடியிருப்புவாரியாக மலப் பரிசோதனை செய்து முடிவை அந்தந்த மக்களிடம் சொல்ல வேண்டும். பட்டா இல்லை என்ற காரணத்துக்காக எந்தக் குடும்பத்துக்கும் கழிப்பறையும் குழாயும் மறுக்கப்படுவதை நாங்கள் எதிர்க்கிறோம்.