பாட்டு உள்ளே, பாடியவர் வெளியே

வெளிநாடுகளில் வாழும் நேபாளிகளான எங்களுக்கு நாட்டுப்பற்றில் குறைச்சலே இல்லை. 2015 செப்டம்பரில் புதிய அரசியல் சாசனம் வந்த கையோடு இந்திய எல்லையில் லாரிகள் நின்றுபோயின. பெட்ரோலும் காஸும் மருந்தும் கிடைக்காமல் காத்மாண்டு திண்டாடியபோது லண்டனில் பதாகை பிடித்துத் தொண்டை கட்டும்வரை கத்தினோம். இந்தியாவோடு தகராறில் இருக்கும் காலாபானி, லிபுலேக், லிம்பியாதுரா மூன்றையும் சேர்த்த புது வரைபடத்துக்கு 2020 ஜூனில் நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்தபோது முகநூலில் எங்கள் முகம் போய் வரைபடம் வந்தது. அமெரிக்காவின் 50 கோடி டாலர் எம்.சி.சி. உதவியோ, சீனாவின் பட்டுப்பாதைத் திட்டமோ, எதைப் பற்றியும் எங்களிடம் ஆளுக்கொரு கருத்து உண்டு. எல்லை அடைப்புக்கு முந்தைய வாரங்களில் தராய் சமவெளியில் நடந்த போராட்டங்களில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்களே, அதைப் பற்றி மட்டும் எங்களில் பலர் மூச்சுவிடவில்லை. பக்கத்து நாட்டைத் திட்டுவது சுலபம். அந்தச் சமவெளியில் வாழும் உள்நாட்டு மதேசிக்காரனின் குறையைக் கேட்பதற்குத்தான் பொறுமை இல்லை.

இவ்வளவு சத்தம் போடத் தெரிந்த நாங்கள் இரண்டு பேர் விஷயத்தில் வாயைத் திறக்கவில்லை. ஒருவர், எங்கள் பாட்டை உயிரோடு வைத்திருந்தவர். இன்னொருவர், எங்களைவிட ஏழையாக ஊரைவிட்டுப் போனவர்.

வானொலி வராத காலத்தில் மலைக் கிராமங்களுக்கு உலகச் செய்தி கொண்டுவந்தவர்கள் கந்தர்வர்கள் என்ற பாட்டுக்காரச் சாதியினர். தோளில் சாரங்கியோடு ஊர் ஊராக நடப்பார்கள். யாருடைய படை ஜெயித்தது, எந்த வீட்டுப் பிள்ளை எங்கே விழுந்தான் என்பதையெல்லாம் கர்க்கா என்ற கதைப்பாட்டாகக் கட்டிப் பாடுவார்கள். முற்றத்தில் நின்று பாடி, தானியமோ காசோ வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். 1815 முதல் பிரிட்டிஷ் படையில் சேரத் தொடங்கிய மலைப் பிள்ளைகளின் சாவுச் செய்தி பல வீடுகளுக்கு இவர்கள் குரலில்தான் வந்தது. எங்கள் வெளியுறவு வரலாற்றின் முதல் செய்தியாளர்கள் இவர்கள்.

போக்கராவுக்குப் பக்கத்தில் பட்டுலேசௌரில் 1935இல் பிறந்த ஜலக்மான் கந்தர்வ ரேடியோ நேபாளத்தில் பாடிய ஒரு பாட்டை அறியாத நேபாளி இல்லை. போர்க்களத்தில் சாகக் கிடக்கும் லாகுரே, அதாவது அந்நியப் படையில் வேலைபார்க்கும் சிப்பாய், அம்மாவுக்கு, அப்பாவுக்கு, மனைவிக்கு என்று ஆளுக்கொரு செய்தி சொல்லி அனுப்புகிற பாட்டு அது. அந்தப் பாட்டில் எங்கள் குற்றம் முழுவதும் இருக்கிறது. பாடியவர் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட சாதி. பாடப்பட்டவன் பிழைப்புக்காக உயிரை விற்றவன். பாட்டைக் கேட்டு அழுதோம். இரண்டு பேரையும் விட்டுவிட்டோம்.

பாடியவரை முதலில் பார்ப்போம். 1854ஆம் ஆண்டின் முலுகி ஐன் சட்டம் சாதி அடுக்கைச் சட்டமாகவே எழுதிவைத்தது. சாரங்கி வாசித்த கந்தர்வர்களையும், கல்யாணங்களில் பஞ்சே பாஜா வாசித்த தமாய்களையும் அது அடித்தட்டில் தள்ளியது. 1963இல் சட்டம் மாறியது. மனசு மாறவில்லை. தமாய்களின் வாத்தியங்கள் இல்லாமல் கல்யாண ஊர்வலம் புறப்படாது. உங்கள் நாகசுரத்துக்கு உறவான சனாயி, வளைந்த கொம்பு நரசிங்கா, பெரிய முரசு தமாஹா, சின்ன முரசு தியாம்கோ, தாளம் ஜ்யாலி என்று எல்லாம் முன்னால் போகும். வாசிப்பு முடிந்ததும் வாசித்தவர்கள் வாசலோடு நிற்பார்கள், சோறும் வெளியேதான்.

இந்தப் பழக்கத்தை மலையிலேயே விட்டுவிட்டு விமானம் ஏறினோமா? இல்லை. தசைன், திகார் பண்டிகைகள் வந்தால் அரங்கம் வாடகைக்கு எடுக்கிறோம். மைக், டி.ஜே., மோமோ கடை, அழகிப் போட்டி எல்லாம் உண்டு. கடைசியில் ‘ரேசம் பிரிரி’ போட்டு எல்லோரும் ஆடுவோம். அந்தப் பாட்டை உலகறியச் செய்த புத்தி பரியாரின் பெயர் மேடையில் யார் வாயிலும் வராது. பரியார் என்பது தமாய்களின் குலப்பெயர் என்பதும், எங்கள் சங்கத் தேர்தல்களிலும் கல்யாணப் பேச்சுகளிலும் அந்தக் குலப்பெயர் என்ன மதிப்புப் பெறுகிறது என்பதும் எங்களுக்கு நன்றாகவே தெரியும்.

வரவேற்பறைச் சுவரில் ஒரு சாரங்கி தொங்காத வீடு அபூர்வம். ஒரே மரத்துண்டைக் குடைந்து செய்தது. இடுப்பு ஒடுங்கி, கீழ்ப்பாதி தோல் போர்த்தி, மேல்பாதி திறந்து கிடக்கும். நான்கு தந்திகள். வாசிக்கத் தெரிந்தவர் விரல் நுனியால் தந்தியை அழுத்துவதில்லை. நகத்தைத் தந்தியின் பக்கவாட்டில் வைத்து நகர்த்துவார். வருஷக்கணக்கில் வாசித்தவரின் நகத்தில் தந்தி ஓடிய தடம் விழுந்திருக்கும். எங்கள் சுவரில் தொங்குவதோ சுற்றுலாக் கடையில் வாங்கியது. பெரும்பாலும் வாசிப்பதற்காகச் செய்யப்பட்டதே இல்லை. பிள்ளைகளைப் பியானோவுக்கும் கிட்டாருக்கும் காசு கொடுத்து அனுப்பினோம். சாரங்கி வாத்தியார் ஒருவருக்கு மாதச் சம்பளம் கொடுக்கலாம் என்ற யோசனை எங்களுக்கு வரவே இல்லை.

எங்கள் இசையைத் தேடி வந்தவர்கள் யார் என்று பாருங்கள். 1931இலேயே ஒலிப்பதிவுக் கருவியோடு நேபாளம் வந்தவர் ஆர்னால்ட் பாக்கே என்ற டச்சுக்காரர். கந்தர்வர்களை ஆராய்ந்தவர் பிரெஞ்சுக்காரரான மிரேய் எல்ஃபர். தமாய்களின் இசையைப் பற்றிப் புத்தகம் எழுதியவர் ஆங்கிலேயரான கேரல் டிங்கி. பக்தபூரில் காத்மாண்டு பல்கலைக்கழகத்தின் இசைத்துறையை உருவாக்கியவர் ஜெர்மானியரான கெர்ட் வேக்னர். டெரன்ஸ் பெக் என்ற அமெரிக்கர் 1960களிலும் 70களிலும் சேர்த்த பெரும் ஒலிப்பதிவுத் தொகுப்பு இண்டியானா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் எங்களில் எத்தனை பேர் அதைக் கேட்கப் போனோம்? ராம் பிரசாத் கடேல் போன்றவர்கள் காத்மாண்டு திரிபுரேஸ்வர் கோயில் வளாகத்தில் நாட்டுப்புற வாத்தியங்களுக்கு அருங்காட்சியகம் நடத்தியபோது, ஊருக்கு வந்த நாங்கள் பக்கத்துச் சாலையில் டாக்ஸியில் கடந்து போனோம்.

இனி, பாடப்பட்டவன். லாகுரே பழங்கதையாகிவிடவில்லை. 2004இல் ஈராக்கில் 12 நேபாளத் தொழிலாளர்களைக் கொன்றார்கள். வளைகுடாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் சவப்பெட்டிகள் திரிபுவன் விமான நிலையத்துக்கு வந்துகொண்டே இருக்கின்றன. படுத்தவர் எழுந்திருக்கவில்லை, மாரடைப்பு என்று எழுதிக் கோப்பை மூடுகிறார்கள். 2022இல் இந்தியா தன் படைக்குக் குறுகிய காலத்துக்கு ஆளெடுக்கும் அக்னிபத் திட்டத்தைக் கொண்டுவர, அதன்கீழ் கூர்க்கா ஆள்சேர்ப்புக்கு நேபாளம் ஒப்பவில்லை. மறு ஆண்டே எங்கள் இளைஞர்கள் ரஷ்யப் படையில் சேர்ந்து உக்ரைன் போர்முனையில் சாகத் தொடங்கினார்கள். இவர்கள் சாவைப் பாட கந்தர்வர் ஒருவரும் முற்றத்துக்கு வரவில்லை. எங்கள் விவாதங்களிலும் வெளியுறவு என்றால் டெல்லியும் பெய்ஜிங்கும்தான். தோஹாவிலும் கோலாலம்பூரிலும் பாஸ்போர்ட்டை முதலாளி பறித்துவைத்துக்கொண்டது எங்களுக்கு வெளியுறவாகத் தோன்றவில்லை.

வெளிநாட்டு நேபாளிகளுக்கு வாக்குரிமை வழங்க ஏற்பாடு செய்யுமாறு 2018இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2022 பொதுத்தேர்தலிலும் அது நடக்கவில்லை. இதற்காக எழாத குரல், அயல்நாட்டுக் குடியுரிமை வாங்கிய பிறகும் ஊரில் சொத்து வைத்துக்கொள்ளும் உரிமைக்கு எழுந்தது. அந்த உரிமை சாசனத்தின் 14ஆவது பிரிவில் கிடைத்தும்விட்டது. அதில் இந்தியா உள்ளிட்ட சார்க் நாடுகளில் குடியுரிமை பெற்றவர்களுக்கு இடமில்லை. இந்தியாவில் வேலைபார்க்கும் நேபாளியும் புலம்பெயர்ந்தோர் சட்டத்தின் கணக்கில் வரமாட்டார். எண்ணிக்கையில் பெரிய கூட்டத்தை வெளியே நிறுத்திவிட்டு, டாலரில் சம்பாதிக்கும் நாங்கள் புலம்பெயர்ந்தோர் என்ற பட்டத்தை வைத்துக்கொண்டோம். எங்கள் தேசிய கீதத்துக்கு இசையமைத்த அம்பர் குருங் பிறந்தது இந்தியாவில், டார்ஜீலிங்கில். அகம்சிங் கிரி எழுத, அன்று இந்தியாவில் வாழ்ந்த ஒன்பது லட்சம் நேபாளிகளின் துயரத்தைப் பாடியவரும் அவரே. அவர் மெட்டுக்கு எழுந்து நிற்கிறோம். அவர் மக்களைச் சட்டத்துக்கு வெளியே நிற்க வைத்திருக்கிறோம்.

செலவில்லாத நாட்டுப்பற்றைத் தேர்ந்தெடுத்தோம் என்பதுதான் உண்மை. வரைபடத்தைப் பகிரக் காசு வேண்டாம். கந்தர்வருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், தொழிலாளியின் வழக்கை நடத்த வக்கீல் வைக்க வேண்டும், சாதியை விட வேண்டும். அங்கெல்லாம் கை பின்வாங்கியது.

செய்ய வேண்டியவை கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. எங்கள் சங்கம் ஒவ்வொன்றும் விழாச் செலவில் ஒரு பங்கை எடுத்து, கந்தர்வர் அல்லது தமாய் வாத்தியக்காரர் ஒருவரைப் பெயர் போட்டு, விமானச் சீட்டும் முழுச் சம்பளமும் கொடுத்துக் கற்பிக்க அழைக்கட்டும். பாடப்படும் பாட்டுக்கு உரியவர் பெயரை மேடையில் சொல்லட்டும். அந்நிய நூலகங்களில் உள்ள பதிவுகளின் நகலைப் பாடியவர்களின் ஊருக்கே கொண்டுபோகட்டும். அடுத்த மனுவில் சொத்துரிமைக்கு முன்னால் தொழிலாளியின் வாக்குரிமையை எழுதட்டும். சங்கத் தலைவராக ஒரு பரியாரையோ கந்தர்வரையோ தேர்ந்தெடுக்கத் தயங்குகிறவர்கள் அந்த மேடையில் பஞ்சே பாஜா வாசிக்கச் சொல்ல வேண்டாம். அதற்கு அவர்களுக்குத் தகுதி இல்லை.