எண்ணிமத் தொழில்நுட்பம்: ஆப்பிரிக்கா நமக்குத் தந்தது

ஆப்பிரிக்கக் கல்வியிலும் மருத்துவத்திலும் எண்ணிமத் தொழில்நுட்பத்தைப் புகுத்துவது பற்றிய ஆய்வுரைகள் பல ஒரே முன்முடிவிலிருந்து தொடங்குகின்றன. தொழில்நுட்பம் வேறெங்கோ பிறக்கிறது. ஆப்பிரிக்கா அதைப் பெற்றுக்கொள்கிறது. திட்டம் தோற்றால் குறை பெற்றவரிடம். பெருங்கடவிளையில் வாழும் எனக்கு இம்முன்முடிவு உடன்பாடானதன்று. ஆப்பிரிக்காவில் உருவான மென்பொருளை எங்கள் மாநிலத்தின் சுகாதாரத் துறையே பெற்றுப் பயன்படுத்தியிருக்கிறது.

1994-இல் நிறவெறி ஆட்சி முடிவுற்றபோது தென்னாப்பிரிக்காவின் சுகாதார நிர்வாகம் இனவாரியாகச் சிதறிக் கிடந்தது. அதை மாவட்ட அளவில் ஒன்றிணைக்கும் முயற்சியில், அந்நாட்டுச் சுகாதாரச் செயற்பாட்டாளர்களும் ஓஸ்லோ பல்கலைக்கழக ஆய்வாளர்களும் கேப் டவுனில் உருவாக்கியதே டி.எச்.ஐ.எஸ். எனப்படும் மாவட்டச் சுகாதாரத் தகவல் அமைப்பு. முதல் வடிவம் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் அக்செஸைச் சார்ந்திருந்தது. கட்டற்ற மென்பொருளாக, இணையவழி இயங்குமாறு எழுதப்பட்ட இரண்டாம் வடிவம் 2006-இல் முதன்முதலாகக் களம் கண்டது கேரளத்தில். அவ்வடிவம் பின்னர் ஆப்பிரிக்காவுக்குத் திரும்பியது. 2011-இல் கென்யா அதை நாடு முழுவதும் நடைமுறைப்படுத்தியது. 2020 தொடக்கத்தில் கொரோனாத் தொற்றைக் கண்காணிக்க இலங்கை வல்லுநர்கள் அதிலேயே ஒரு கூறினை அமைத்தனர். அதைப் பிற நாடுகளும் எடுத்தாண்டன.

இதனோடு அனைத்து ஆப்பிரிக்க மின்வலைப்பின்னல் திட்டத்தை ஒப்பிடலாம். அப்துல் கலாம் 2004-இல் முன்மொழிந்து, 2009-இல் தொடங்கப்பெற்ற இத்திட்டம், செயற்கைக்கோள் வழியாக ஆப்பிரிக்க நாடுகளின் மருத்துவமனைகளையும் கல்வி நிலையங்களையும் இந்திய நிறுவனங்களோடு இணைத்தது. சென்னைப் பல்கலைக்கழகமும் அதில் பங்கேற்றது. அதனால் பயன்பெற்ற மாணவரும் மருத்துவரும் உண்டு, அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் பாடமும் மருத்துவ ஆலோசனையும் இங்கிருந்து சென்றன. கேட்பவர் அங்கே இருந்தனர். டி.எச்.ஐ.எஸ். அமைப்பிலோ பயன்படுத்தியவரே அதைத் திருத்தினர். திருத்தியது அடுத்தவருக்கும் பயன்பட்டது. என் வாதம் இந்த வேறுபாட்டைப் பற்றியதே: ஒரு கருவியைத் தன் தேவைக்கு மாற்றிக்கொள்ளும் உரிமையும் திறனும் இல்லாத சமூகம் அதை ஏற்றுக்கொண்டதாகக் கூற முடியாது.

கேரளக் கல்வியும் இதையே காட்டுகிறது. கட்டற்ற மென்பொருளில் ஆசிரியர்களைப் பல்லாண்டுகளாகப் பயிற்றுவித்த மாநிலம், 2020 சூன் 1 அன்று பள்ளிகளைத் திறக்க இயலாதபோது, முதலில் நாடியது விக்டர்ஸ் தொலைக்காட்சியை. திறன்பேசி எல்லார் கையிலும் இல்லை. தொலைக்காட்சி பெரும்பாலான வீடுகளில் இருந்தது. புதுமையைக் காட்டிலும் வீட்டின் நிலையறிந்து செய்த தேர்வு அது. அப்போதும் தொலைக்காட்சி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் வெளியே நின்றனர் என்பதையும் சேர்த்தே பதிவுசெய்ய வேண்டும்.

மொழியும் இதில் அடங்கும். 1956-இல் விளவங்கோடு தமிழகத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பாறசாலை முதலான எல்லையூர்களில் தமிழும் மலையாளமும் இன்றும் ஒரே வீட்டில் புழங்குகின்றன. தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியில் கடிதத் தொடர்பு கொள்ள 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடமளிக்கிறது. கடிதத்துக்கு அளித்த அவ்வுரிமை மருத்துவமனைத் திரைக்கும் கைப்பேசிச் செய்திக்கும் நீள வேண்டாமா? தென்னாப்பிரிக்கா 2014-இல் தொடங்கிய மாம்கனெக்ட் திட்டம், கருவுற்ற தாய்மாருக்கான கைப்பேசிச் செய்திகளை அந்நாட்டின் அப்போதைய 11 ஆட்சிமொழிகளிலும் வழங்கியது. இங்கே கற்க வேண்டியவர் நாம்.

மூலநிரல் திறந்திருப்பதாலேயே அதிகாரம் கைமாறிவிடாது என்ற மறுப்பு நியாயமானது. டி.எச்.ஐ.எஸ். அமைப்பின் மையப் பணி இன்றும் ஓஸ்லோவில் நடக்கிறது. நார்வே அரசும் பன்னாட்டு நிதி அமைப்புகளும் அதற்குப் பொருளுதவி செய்கின்றன. அவ்வுதவி நின்றால் என்னாகும் என்ற அச்சம் பொய்யன்று. அதனால்தான் நிரல் எழுதுவோரையும் பேணுவோரையும் உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களில் உருவாக்குவது உதிரிச் செலவாகாது. திட்டத்தின் முதற்செலவாக வேண்டும்.

இத்துறையில் ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். எத்தனை கணினிகள் வழங்கப்பட்டன என்ற அட்டவணையோடு நின்றுவிடாதீர்கள். ஊரைச் சுற்றிவரும் சுகாதாரப் பணியாளர் நிரப்பும் படிவத்தில் ஒரு கட்டம் தவறென்று அவர் கண்டால், அதை மாற்றச் சொல்லும் வழி அவருக்கு உண்டா, மாற்ற எத்தனை மாதம் ஆகிறது என்று கேளுங்கள். கென்யாவுக்கும் நெய்யாற்றின்கரைக்கும் அக்கேள்வி ஒன்றே.