தள்ளிப்போகும் காதலும் காமன் பொட்டலும்

தொலைக்காட்சித் தொடர் எழுத வரும் மலையக இளைஞர்கள் பலரிடம் ஒரு நம்பிக்கை ஊறிக் கிடக்கிறது. நாயகனும் நாயகியும் சேர்ந்துவிட்டால் தொடர் முடிந்தது. ஆகவே எதையாவது குறுக்கே போட்டு நாள் கடத்த வேண்டும். பாதி மட்டும் காதில் விழுந்த பேச்சு, கைமாறிப்போன கடிதம், விபத்து, நினைவிழப்பு என்று வரைவுக்கு வரைவு அவையேதான் வருகின்றன.

இதற்குச் சான்றாகத் துறையில் எல்லோரும் சொல்வது, அமெரிக்காவின் ஏபிசியில் 1985 முதல் 1989 வரை ஓடிய 'மூன்லைட்டிங்'. 1987இல் இணை சேர்ந்தது, தொடர் சரிந்தது என்பார்கள். உண்மையில் சேர்த்த கையோடு இருவரையும் திரையில் பிரித்து வைத்துவிட்டார்கள். நாயகி சிபில் ஷெப்பர்ட் இரட்டைக் குழந்தைகளைச் சுமந்திருந்தார். நாயகன் புரூஸ் வில்லிஸ் 'டை ஹார்ட்' படத்துக்குப் போனார். 1988இல் எழுத்தாளர்களின் வேலைநிறுத்தம் வேறு. இருவரும் எதிரெதிரே நின்று சண்டை பிடிக்கும் காட்சிகள் அருகிப்போயின. பார்த்தவர்கள் இழந்தது அதைத்தான் என்பது என் துணிபு.

லயத்து வீடுகளில் ஆண்டுக்கணக்காகப் பார்த்த 'கோலங்க'ளை எடுத்துக்கொள்ளுங்கள். சன் தொலைக்காட்சியில் 2003 முதல் 2009 வரை 1533 பகுதிகள். நாயகி அபிக்கும் அவள் நண்பன் தொல்காப்பியனுக்கும் நடுவில் இருப்பது நட்புதானா என்ற கேள்வியைப் பார்வையாளர்கள் விடாமல் சுமந்தார்கள். அதற்கு மறதி நோய் எதுவும் தேவைப்படவில்லை. அபி மணவாழ்வில் அடிபட்டவள், குடும்பத்தைத் தோளில் தாங்குகிறவள். தடை அவள் வாழ்க்கைக்குள்ளேயே இருந்தது. 2011இல் விஜயில் தொடங்கிய 'சரவணன் மீனாட்சி'யோ, பின்னாளில் புதிய இணைகளைக் கொண்டு வந்து ஏக்கத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. அதுவும் ஒரு வழி, ஆனால் எளிய வழி.

நமக்கு நெருக்கமான பாடம், தோட்டத்தில் காமன் கூத்து ஆடும் காமன் பொட்டலில் இருக்கிறது. மாசியில் கம்பம் நட்ட நாளிலிருந்தே மன்மதன் எரியப்போகிறான் என்பது தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் ரதியும் மதனும் வேடம் கட்டி லயம் லயமாக ஆடி வரும்போது வாசலில் சனம் நிற்கிறது. தகனத்தன்று இரவு முழுக்கப் பனியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. முடிவு தெரிந்த கதையில் இவ்வளவு பிடிப்பு எங்கிருந்து வருகிறது? ரதி தடுக்கிற இடத்திலிருந்து. கெட்ட கனாக் கண்டவள் போகாதே என்கிறாள். தேவர்களின் ஏவலை மீற முடியாதவன் போக வேண்டும் என்கிறான். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தர்க்கம் நீள நீளத் தப்புச் சத்தம் ஏறுகிறது, யாரும் எழுந்து போவதில்லை. தஞ்சைப் பக்கத்து லாவணியில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டு அணிகள் பாட்டிலேயே மோதுகின்றன. அங்கே தகனத்துக்குப் பிறகும் வழக்கு தீர்வதில்லை.

இப்படி நியாயமுள்ள தடைகள் நமக்குப் புதியவை அல்ல. களவுக் காதலின் தடைகளைத் தொல்காப்பியமும் அதன் உரைமரபும் துறைதுறையாகப் பிரித்துத் தந்திருக்கின்றன. அலர் என்னும் ஊர்ப்பேச்சு, இற்செறிப்பு என்னும் வீட்டுக்காவல், தலைவன் வரைவு (மணம்) நீட்டித்தல், தோழி வரைவு கடாதல், அதாவது மணக்கும்படி வற்புறுத்தல். நம் எழுத்தாளர்கள் இதைப் பரீட்சைக்குப் படித்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, பக்கத்து வீட்டு இருமல்கூடக் கேட்கும் சுவர். அலர் பரவ இதைவிட ஓர் இடம் வேண்டுமா? கொழுந்து மடுவத்தில் தராசுக்கு முன்னால் ஊரே வரிசையில் நிற்கும்போது ஒரு பெண் ஒருவனை ஏறிட்டுப் பார்க்காமல் இருப்பதே ஒரு காட்சி. அவன் கொழும்பில் கடை வேலைக்குப் போய்விட்டு தீபாவளிக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் மட்டும் வருகிறான். அவள் சம்பளத்தில் தம்பி படிக்கிறான். அவனும் வரைவை நீட்டிக்கிறான், அவளும் நீட்டிக்கிறாள். இருவருக்கும் காரணம் உண்டு. சாதியையும் மறைக்காமல் எழுத வேண்டும். லயத்துக் கல்யாணப் பேச்சில் அது உட்கார்ந்திருப்பதைத் தெரிந்துகொண்டே நம் நாடகங்கள் கண்டும் காணாமல் போகின்றன.

கூடவே ஒரு தோழி வேண்டும். நிரையில் பக்கத்தில் நின்று கொழுந்து எடுக்கிறவள், இன்னும் எத்தனை நாளைக்கு என்று அவனை நேருக்கு நேர் கேட்கிறவள். அவள் இருந்தால் தாமதம் ஒவ்வொரு வாரமும் விசாரணைக்கு வரும். எழுத்தாளரும் பதில் சொல்லியாக வேண்டும்.

அடுத்த இதழின் பயிலரங்கப் பகுதிக்கு வரைவு அனுப்புவோர், கதைச் சுருக்கத்தோடு ஒரு தாள் சேர்த்து அனுப்புங்கள். இருவரும் ஏன் இன்னும் சேரவில்லை என்பதை அவளுடைய வாயால் ஒரு பத்தி, அவனுடைய வாயால் ஒரு பத்தி எழுதுங்கள். அந்தத் தாளைத்தான் முதலில் படிப்போம்.